எட்டு பென்சில் செல்லும் இரண்டு பேட்டரியும்

2008இல் நிக்கான் டி700 என்ற டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமரா வந்தது. அதன் வயிற்றில் இஎன்-இஎல்3இ என்ற லித்தியம் அயான் பேட்டரி ஒன்று இருக்கும். ஷட்டர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் நொடிக்கு 5 படம். இந்தக் கேமராவின் அடியில் மாட்டுவதற்கென்று எம்பி-டி10 என்ற பேட்டரி கிரிப்பும் கிடைத்தது. அதே இஎன்-இஎல்3இ பேட்டரி இன்னொன்றைக் கிரிப்புக்குள் போட்டு மாட்டினால் அதிக நேரம் எடுக்கலாம், ஆனால் வேகம் மாறாது. அப்போதும் நொடிக்கு 5 படம்தான்.

இப்போது அந்த பேட்டரியை எடுத்துவிட்டு, கிரிப்போடு வரும் தட்டில் ஏஏ அளவுள்ள பென்சில் செல் எட்டை அடுக்குங்கள். சுவர்க் கடிகாரத்திலும் பொம்மைக் காரிலும் போடுவோமே, அதே செல். ஷட்டரை அழுத்தினால் நொடிக்கு 8 படம்! விலை உயர்ந்த லித்தியம் பேட்டரியால் முடியாததைப் பெட்டிக்கடையில் விற்கும் செல் செய்துவிடுகிறது.

இந்தப் புதிருக்கு விடை தெரிந்துவிட்டால் பேட்டரி கிரிப்பின் அறிவியல் பாதி புரிந்துவிடும். மின்சாரத்தைப் பொறுத்தவரை எவ்வளவு சேர்க்கிறோம் என்பது ஒரு கேள்வி. எப்படிச் சேர்க்கிறோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

உயரமும் கொள்ளளவும்

மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழ்த்தளக் குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பாயும் என்பது தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எத்தனை நேரம் வரும் என்பது தொட்டி எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் அதே உயரத்தில் இன்னொரு தொட்டி வைத்தால் இரண்டு மடங்கு நேரம் தண்ணீர் வரும், ஆனால் அதே வேகத்தில்தான் வரும். வேகம் வேண்டுமென்றால் தொட்டியை உயர்த்த வேண்டும்.

பேட்டரியில் உயரத்தின் இடத்தில் இருப்பது மின்னழுத்தம், அதாவது வோல்ட். கொள்ளளவின் இடத்தில் இருப்பது மில்லி ஆம்பியர்-மணி. செல்களை ஒன்றன் தலையில் ஒன்றாக அடுக்குவது தொடர் இணைப்பு. அதில் வோல்ட் கூடும். அருகருகே வைத்துத் தலையோடு தலையும் காலோடு காலும் சேர்ப்பது பக்க இணைப்பு. அதில் கொள்ளளவு கூடும், வோல்ட் அப்படியே இருக்கும்.

டி700இன் சொந்த பேட்டரிக்குள் இரண்டு லித்தியம் செல்கள் தொடராக இருக்கின்றன. மொத்தம் 7.4 வோல்ட். கிரிப்பில் இன்னொன்றைப் போட்டாலும் அது அதே உயரத்தில் இருக்கும் இன்னொரு தொட்டிதான். பென்சில் செல் தட்டில் எட்டும் தொடராக நிற்கின்றன. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட் என்று எடுத்தால் எட்டுக்கு 9.6 வோல்ட். புத்தம் புதிய ஆல்கலைன் செல் என்றால் ஒன்றுக்கு 1.5, எட்டுக்கு 12 வோல்ட். தொட்டி உயர்ந்துவிட்டது. நிக்கானின் பெரிய தொழில்முறை கேமராக்களுக்கான இஎன்-இஎல்4ஏ பேட்டரியும் இதே கிரிப்பில் பொருந்தும். அதில் மூன்று செல்கள் தொடராக, 11.1 வோல்ட். அதைப் போட்டாலும் நொடிக்கு 8 படம்.

வோல்ட் கூடினால் கேமராவுக்கு ஏன் வேகம் வருகிறது? எஸ்எல்ஆர் கேமரா பாதி மின்னணுக் கருவி, பாதி இயந்திரம். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழ வேண்டும், ஷட்டர் திரைகள் ஓட வேண்டும், கண்ணாடி கீழே இறங்க வேண்டும், அடுத்த படத்துக்காக ஷட்டரின் ஸ்பிரிங் மறுபடி இழுத்து வைக்கப்பட வேண்டும். நொடிக்கு 5 படம் என்றால் இந்த முழுச் சுற்றுக்கும் 200 மில்லி நொடி இருக்கிறது. நொடிக்கு 8 என்றால் 125 மில்லி நொடிதான். இந்த ஓட்டத்துக்கு விசை தருவது சிறிய நேர்மின்னோட்ட மோட்டார். அந்த வகை மோட்டார் சுழலும்போது தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். வேகம் ஏற ஏற எதிர்ப்பும் ஏறும். பேட்டரி தரும் வோல்ட்டை இந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட எட்டிப் பிடிக்கும்போது மோட்டார் அதற்கு மேல் வேகம் எடுக்காது. ஆகவே மோட்டாரின் உச்ச வேகம் வோல்ட்டோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. 7.4 வோல்ட்டிலிருந்து 11.1 வோல்ட்டுக்குப் போனால் ஒன்றரை மடங்கு.

எல்லா கிரிப்பும் இந்த வித்தையைச் செய்யாது. அதே 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 கேமராவின் பிஜி-இ6 கிரிப்பில் இரண்டு எல்பி-இ6 பேட்டரி போடலாம், அல்லது பென்சில் செல் ஆறு போடலாம். ஆறு ரீசார்ஜ் செல்லின் மின்னழுத்தம் ஆறு தடவை 1.2, அதாவது 7.2 வோல்ட். எல்பி-இ6இன் மின்னழுத்தமும் சரியாக 7.2 வோல்ட். நிக்கான் எட்டு வைத்த இடத்தில் கேனன் ஆறு வைத்ததற்குப் பொருள் இதுதான். இங்கே பென்சில் செல் அவசரத்துக்கான மாற்று, வேகத்துக்கான மருந்தல்ல. ஆகவே கிரிப் வாங்கும் முன், அதை மாட்டினால் வேகம் கூடுமா என்று சொல்லும் ஒரு வரியை உங்கள் கேமராவின் கையேட்டில் தேடிப் பாருங்கள்.

ஒரு படத்துக்கு எத்தனை ஜூல்?

எல்பி-இ6 பேட்டரியின் மேல் 7.2 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 13 வாட்-மணி. ஜூலில் சொன்னால் சுமார் 46,700. ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிபா வகுத்த முறைப்படி சோதித்தால், 5டி மார்க் 2 ஒரு சார்ஜில் வியூஃபைண்டர் வழியாக 850 படம் எடுக்கும் என்று கேனன் அறிவித்தது. வகுத்துப் பாருங்கள், ஒரு படத்துக்குச் சுமார் 55 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஐந்தரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை அது.

கண்ணாடியும் ஷட்டரும் இறகு போன்ற எடை கொண்டவை. அவற்றை அசைக்க இவ்வளவு வேண்டியதில்லை. அந்தச் சோதனையில் படத்துக்கும் படத்துக்கும் நடுவே 30 நொடி இடைவெளி உண்டு. கேமரா விழித்துக் காத்திருப்பதற்கும், குவியம் பிடிப்பதற்கும், படத்தைச் சேமிப்பதற்கும், திரையில் காட்டுவதற்குமே பெரும் பங்கு போய்விடுகிறது. இதே கேமராவில் லைவ் வியூ போட்டு, பின்திரையைப் பார்த்தபடியே எடுத்தால் 850 என்பது 200 ஆகச் சுருங்கும். படத்துக்கு 230 ஜூலுக்கு மேல். உணரியும் திரையும் ஓயாமல் எரிவதற்கான விலை அது.

கிரிப்பில் இரண்டு பேட்டரி போட்டால் 850 என்பது 1700 ஆகும் என்று எதிர்பார்க்கலாம். அடுக்கடுக்காக எடுக்கும் ஆட்டக்களத்திலோ கல்யாணத்திலோ காத்திருக்கும் நேரம் குறைவு என்பதால் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். மேடையில் நின்று நூறு பேரைத் திரையில் பார்த்துப் பார்த்து எடுப்பவருக்குக் குறையும். பேட்டரி எண்ணுவது படங்களை அல்ல, ஜூல்களை.

குளிரில் செத்துப் பிழைக்கும் பேட்டரி

அதே 5டி மார்க் 2க்குக் கேனன் இன்னொரு எண்ணும் தந்தது. 23 டிகிரி செல்சியஸில் 850 படம், 0 டிகிரியில் 750 படம். பேட்டரியில் அடைத்த மின்சாரம் குளிரில் எங்கும் ஓடிவிடவில்லை. வெளியே வருவதற்குத்தான் தடை கூடிவிட்டது.

லித்தியம் அயான் செல்லில் மின்சாரம் தருவதென்றால், லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளை விட்டு வெளியேறி, நடுவிலுள்ள திரவத்தை நீந்திக் கடந்து, எதிர்ப்பக்க ஆக்சைடு அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். இந்த வேதியியலுக்காகத்தான் ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. குளிரில் அயனிகளின் நடை தளர்கிறது. வெளியிலிருந்து பார்த்தால், பேட்டரிக்குள்ளேயே ஒரு மின்தடை வளர்ந்துவிட்டதுபோல் தெரியும். இதை அக மின்தடை என்பார்கள்.

கிரிப்பின் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது. கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். குளிரில் ஒரு பேட்டரியின் அக மின்தடை 0.6 ஓம் ஆகிவிட்டது. மோட்டார் சுழலும் அந்தக் கணத்தில் கேமரா 3 ஆம்பியர் கேட்கிறது. பேட்டரிக்குள்ளேயே 1.8 வோல்ட் தொலைந்துபோகும். 7.2 வோல்ட் பேட்டரி கேமராவின் வாசலில் 5.4 வோல்ட்டாக வந்து நிற்கும். லித்தியம் செல் ஒன்று 3 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் கெட்டுப்போகலாம் என்பதால், இரண்டு செல் பேட்டரியில் 6 வோல்ட்டை ஒட்டி அபாய எல்லை வந்துவிடும். எல்லைக்குக் கீழே பார்த்த கேமரா, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி அணைந்துவிடும். உள்ளே பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தும் இதுதான் நடக்கும்! அந்த பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வைத்து உடல் சூட்டில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் போட்டால் உயிர் வந்துவிடும்.

அதே குளிரில், அதே மாதிரி இரண்டு பேட்டரிகள் பக்க இணைப்பில் இருந்தால்? 3 ஆம்பியரை ஆளுக்கு ஒன்றரையாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றிலும் தொலைவது 0.9 வோல்ட்தான். கேமராவின் வாசலில் 6.3 வோல்ட் நிற்கிறது. கேமரா ஓடுகிறது.

வீணாகும் ஆற்றலையும் பாருங்கள். மின்தடையில் வெப்பமாகப் போகும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒற்றை பேட்டரியில் 3 தடவை 3 தடவை 0.6, அதாவது 5.4 வாட். இரண்டாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 1.35 வாட், மொத்தம் 2.7. சுமை பாதியானதும் ஒவ்வொரு பேட்டரியிலும் இழப்பு கால் பங்காகிறது, இரண்டையும் கூட்டினாலும் பாதிதான். ஏற்றம் ஏறும் வண்டியில் ஒற்றை மாடு இரைக்க இரைக்க நிற்கும். ஜோடி பூட்டினால் இரண்டும் நுரை தள்ளாமல் ஏறிவிடும். இரண்டு பேட்டரி சேர்ந்து இழுக்கும்போது நேரம் இரண்டு மடங்குக்கும் சற்று மேலேயே கிடைப்பது இதனால்தான்.

ஆனால் ஜோடி மாடு என்றால் இணையாக இருக்க வேண்டும். நிரம்பிய தொட்டியையும் காலித் தொட்டியையும் அடியில் குழாய் போட்டு இணைத்தால், நிரம்பியதிலிருந்து காலியானதற்குத் தண்ணீர் பாயும். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியையும் தீர்ந்த பேட்டரியையும் நேரடியாகச் சேர்த்தாலும் அப்படித்தான், அதுவும் கட்டுப்பாடில்லாத மின்னோட்டமாகப் பாயும். ஆகவே கிரிப்பின் சுற்று அப்படிப் பின்னோக்கிப் பாயவிடாமல் தடுத்து வைக்கிறது. பிஜி-இ6 போன்ற கேனன் கிரிப்புகளில் முதலில் வோல்ட் கூடிய பேட்டரி மட்டும் வேலை செய்யும். அது இறங்கி மற்றதன் மட்டத்துக்கு வந்ததும் இரண்டும் சேர்ந்து தோள்கொடுக்கும்.

நிக்கான் எம்பி-டி10 வேறு வழியில் போனது. கேமராவின் சொந்த பேட்டரி அதன் இடத்திலேயே இருக்கும். எந்த பேட்டரியை முதலில் தீர்ப்பது, கிரிப்பிலுள்ளதையா, கேமராவிலுள்ளதையா என்று மெனுவில் நீங்கள் சொல்லலாம். ஒன்று தீர்ந்த பிறகு மற்றது. இது தோள்கொடுத்தல் அல்ல, முறை மாற்றிக்கொள்ளுதல். நேரம் கூடும், ஆனால் குளிரில் சுமை பங்கிடப்படாது. அதற்குப் பதில் வேறொரு வசதி கிடைக்கிறது. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கிரிப்பின் தட்டை உருவிப் புது பேட்டரி போட்டுக்கொள்ளலாம், கேமராவின் சொந்த பேட்டரி தாங்கிக்கொள்ளும்.

அதே மெனுவில் பென்சில் செல்லின் வகையைக் கேட்கும் ஒரு வரியும் உண்டு. ஆல்கலைன், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, லித்தியம் என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பலரும் கவனிக்காத வரி. பென்சில் செல்லில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைக் கேமரா வோல்ட்டை வைத்தே ஊகிக்கிறது. ஆல்கலைன் செல்லின் வோல்ட் தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சரியும். நிக்கல் செல் 1.2ஐ ஒட்டி நெடுநேரம் சமமாக நின்று கடைசியில் சட்டென விழும். வகையை மாற்றிச் சொன்னால், நல்ல செல்லைக் கேமரா தீர்ந்துவிட்டதாகக் காட்டும், அல்லது தீரப்போவதைக் காட்டாமல் விட்டுவிடும்.

திருகு இறுகினால்தான்

கிரிப்பை மாட்டுவது எளிய வேலை. கேனனில் பேட்டரியை எடுத்து, அதன் சின்னக் கதவைக் கழற்றி, கிரிப்பில் அதற்கென இருக்கும் இடத்தில் செருகி வைப்பார்கள். கிரிப்பிலிருந்து நீளும் கழுத்து பேட்டரி இருந்த பள்ளத்துக்குள் போகும். பிறகு பக்கவாட்டிலுள்ள பல்சக்கரத்தைக் கட்டைவிரலால் சுற்றினால், கால் அங்குலத் திருகு கேமராவின் ட்ரைபாட் துளையில் ஏறும். அந்த ஒரே திருகுதான் பிடிமானம்.

இந்தத் திருகை நான் ஒரு தடவை அலட்சியமாக விட்டேன். கேமராவைப் பையில் வைத்து பைக்கில் 40 கிலோமீட்டர் போய், ஒரு கல்யாண மண்டபத்தில் இறங்கினேன். முதல் அரை மணி நேரம் எல்லாம் சரி. பிறகு கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் அணைகிறது, நேராகப் பிடித்தால் விழிக்கிறது. பேட்டரி மேல் சந்தேகம், மெமரி கார்டு மேல் சந்தேகம், கடைசியில் கேமரா மேலேயே சந்தேகம். கை தற்செயலாகச் சக்கரத்தில் பட்டபோது அது கால் சுற்று தளர்ந்து கிடந்தது. பைக்கின் அதிர்வு செய்த வேலை. இறுக்கியதும் நோய் போய்விட்டது.

கழுத்தின் நுனியிலுள்ள உலோகத் தொடுமுனைகள் கேமராவின் முனைகளை அழுத்தித் தொட வேண்டும். அழுத்தம் குறைந்தால் தொடும் பரப்பு சுருங்கும், தடை கூடும். அந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் கூடினாலும் 3 ஆம்பியரில் 0.3 வோல்ட் போய்விடும். கேமராவைத் திருப்பும்போது ஒரு மயிரிழை விலகினால் முழுதுமே போய்விடும். அன்றிலிருந்து கேமராவைப் பையிலிருந்து எடுத்ததும் என் கட்டைவிரல் முதலில் அந்தச் சக்கரத்தைத்தான் தொடுகிறது. தொடுமுனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதும் பழக்கமாகிவிட்டது.

முழங்கை கீழே இறங்கியது

கிரிப் மாட்டியவர்களில் பலர் பேட்டரிக்காக வாங்கி, பிடிக்காக வைத்துக்கொண்டவர்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் சாதாரணமாக வலது கை தலைக்கு மேலே போகும், முழங்கை கொடி பிடித்ததுபோல் வெளியே நீளும். தூக்கிய கையைத் தாங்கத் தோள் தசைகள் ஓயாமல் உழைக்க வேண்டும், களைத்த தசை நடுங்கும். கிரிப்பில் இரண்டாவது ஷட்டர் பட்டனும் சுழல் சக்கரமும் இருப்பதால், செங்குத்தாகத் திருப்பினாலும் வலது முழங்கை விலாவோடு ஒட்டி நிற்கும். கையின் எடையை உடல் வாங்கிக்கொள்கிறது. அந்த பட்டனுக்கு அருகே ஒரு பூட்டு உண்டு. நேராகப் பிடிக்கும்போது உள்ளங்கை தெரியாமல் அழுத்திவிடாமல் இருக்க அதை மூடி வைப்பார்கள். திருப்பிப் பிடித்து அழுத்தியும் படம் விழவில்லையென்றால் முதலில் அந்தப் பூட்டைப் பாருங்கள்.

எடை கூடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அசையாமல் பிடித்திருக்கும்போதும் மனிதக் கை நொடிக்கு 8 முதல் 12 தடவை மிக நுட்பமாக நடுங்கும். அதே நடுக்கம் கனமான பொருளைக் குறைவாகவே அசைக்கும், அது நிலைமத்தின் குணம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள 70-200 மில்லிமீட்டர் லென்ஸ் முன்னால் இழுக்கும்போது, கிரிப்பும் அதிலுள்ள பேட்டரிகளும் பின்னால் எதிர் எடையாக நிற்கின்றன. பிடிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த சுண்டுவிரலுக்கும் இடம் கிடைக்கிறது. ஆனால் இந்த நன்மைக்கும் ஒரு கெடு உண்டு. நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினால் அதே எடை களைப்பைத் தரும், களைப்பு நடுக்கத்தைத் திருப்பிக் கொண்டுவரும்.

ட்ரைபாடில் கதை வேறு. கேமராவுக்கும் ட்ரைபாடுக்கும் நடுவே கிரிப் நுழைந்தால் ஒற்றைத் திருகின் பிடி இரண்டாகிறது, கேமரா சில சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. கண்ணாடி எழும் அதிர்ச்சிக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது. அரை நொடி, கால் நொடி ஷட்டரில் நிலக்காட்சி எடுப்பவர் கிரிப்பைக் கழற்றிவிடுவது நல்லது. நீண்ட லென்ஸ் என்றால் லென்ஸின் வளையத்தையே ட்ரைபாடில் பொருத்த வேண்டும்.

படச்சுருள் போன பிறகும்

இந்தக் கருவியின் முன்னோர் படச்சுருளைச் சுற்றும் மோட்டார்கள். 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவுக்கு எஃப்36 என்ற மோட்டார் அடியில் மாட்டும்படி வந்தது. தொடக்கத்தில் அதன் பேட்டரிப் பெட்டி தனியாக ஒரு வயரின் நுனியில் இருந்தது. பிறகுதான் மோட்டாரோடு ஒட்டியது. நொடிக்கு 4 படம் வேகத்தில் 36 படச் சுருள் 9 நொடியில் தீர்ந்துவிடும். 1980இல் வந்த எஃப்3க்கான எம்டி-4 மோட்டாரில் இருந்ததும் எட்டு பென்சில் செல்கள்தான். படச்சுருளைச் சுற்றும் வேலை டிஜிட்டலில் ஒழிந்துபோனது. ஆனாலும் அந்த எட்டு செல்லும், கேமராவின் அடியில் கை பற்றும் அந்த இடமும் டி700 வரை வந்து சேர்ந்தன. வேகத்துக்கு வோல்ட் வேண்டும், பலத்துக்குத் துணை வேண்டும், கைக்குப் பிடி வேண்டும் என்ற மூன்று தேவைகளும் மாறவில்லை.

ஆகவே கிரிப்பை மாட்டும் முன் இந்த மூன்றில் எது குறைகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேகம் என்றால் வோல்ட்டைப் பாருங்கள். நீடிக்க வேண்டும் என்றால் ஒரே சமயத்தில் வாங்கிய இரண்டு பேட்டரிகளை எடுத்து, மார்க்கரால் 1, 2 என்று எண் போட்டு, எப்போதும் சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே போடுங்கள். ஒன்று கிழடாகி மற்றது இளசாக இருந்தால் சுமை சரியாகப் பங்கிடாது. கைக்காக என்றால் கடையில் உங்கள் கனமான லென்ஸையே மாட்டி, செங்குத்தாகத் திருப்பி, முழங்கை விலாவில் வந்து உட்காருகிறதா என்று பாருங்கள். எதற்காக மாட்டினாலும், மாட்டிய பிறகு கட்டைவிரலால் அந்தச் சக்கரத்தை இன்னொரு கால் சுற்று இறுக்குங்கள்.